கிராணி வீட்டு மாத்திரைகள்

எனக்கு எல்லாம் தெரிந்திருந்த வயது ஒன்று உண்டு. இருபத்திரண்டு. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் அறிவு எனக்கு வாய்த்ததில்லை.

அப்போது நான் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி. நர்ஸைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோலாலம்பூரில் பயிற்சி முடித்து, வெள்ளைக் கவுன், வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து என்று வந்து இறங்கியவள். (சப்பாத்தின் வெள்ளை முதல் மழையோடு போயிற்று.) ஆஸ்பத்திரி என்பது எட்டுக் கட்டில்கள், மருந்து கட்டும் டிரஸர் ஒருவர், பிறகு நான். வாரத்தில் ஒருநாள் ரவாங்கிலிருந்து டாக்டர் வருவார். மற்ற ஆறு நாளும் மருத்துவ உலகம் என் தோளில்தான் நிற்கிறது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

மலாயாவில் அது வெள்ளைக்காரன் அறிவித்திருந்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு போலீஸ். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசியோ மருந்தோ போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, யார் எதைக் கொண்டுவந்தாலும் சோதனை. மருந்து என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு வேண்டும். கணக்கில் வராத மருந்தோடு பிடிபட்டால் நேராக லாக்கப். விசாரணை இல்லாமலே உள்ளே வைத்திருப்பார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. (நான் பிறந்தது இதே நாட்டில், ராசாவில். இந்தியாவில் எனக்கு ஓர் ஆளைக்கூடத் தெரியாது.)

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸுக்குத் தலைமை அவர்தான். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த இடம். ஐம்பத்துமூன்று வயது, கஞ்சி போட்ட கால்சட்டை, வகிடு எடுத்த தலை. அவர் மனைவியைக் கிராணியம்மா என்போம். வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே வரமாட்டார். வேலைக்காரப் பெண்களோடு பேசமாட்டார். கர்வம் பிடித்தவர் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சேர்த்துத்தான்.

ஒருநாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து, அந்தக் குடை ஆஸ்பத்திரிக்குள் வந்தது.

"பிள்ளை, கதவைச் சாத்தும். ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்றார் கிராணியம்மா.

சாத்தினேன்.

"ஒன்றரை வருசமா உடம்பு நெருப்பா எரியுது. இருந்தாப்போல கழுத்திலயிருந்து முகம்வரைக்கும் கொதிக்கும். வேர்த்துக் கொட்டும். நித்திரை இல்லை. காரணமில்லாமல் அழுகை வருது. டாக்டரிட்டக் காட்டினன். மாதவிலக்கு நிக்கிற வயசில உடம்பு சுரக்கிற ஏதோ ஒண்டு குறைஞ்சு போகுமாம். அதை மாத்திரையாக் குடுக்கலாமாம்."

"ஹார்மோன்" என்றேன் நான், அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல.

"ஓம், அதுதான். அவருக்கும் ஒண்டு எழுதியிருக்கிறார்."

"கிராணி ஐயாவுக்கா?"

ஆண்களுக்கும் வயதாக ஆக அவர்களுக்கு உரிய ஹார்மோன் குறையும், அதற்கும் மாத்திரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஐயாவுக்கு ஆபீஸ் நாற்காலியிலேயே தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், ஓய்வு வயது நெருங்குகிறதே என்ற கலக்கம். (மற்றதை அவர் டாக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தார். நானும் கேட்கவில்லை.)

டாக்டரே தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் டிரஸரின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். அதனால் மாத்திரைகளை ரவாங்கில் டாக்டருடைய கிளினிக்கில் போய் வாங்கி வர வேண்டும். அனுமதிச் சீட்டில் எழுதினால் ஆபீஸில் சின்னக் கிராணிகள் படித்துவிடுவார்கள். அதனால் சீட்டில் வேண்டாம், குப்பியின் லேபிளில் பெயரும் மருந்தும் எழுதித் தன் கையெழுத்தும் போடுகிறேன், வாசலில் அதைக் காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆள்தான் வேண்டும்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது பிள்ளை. அவர் வெக்கத்தில செத்துப்போவார்."

பைபிள்மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகவே செய்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் காலை பஸ் பிடித்து ரவாங் போனேன். டாக்டர் இரண்டு பழுப்புக் குப்பிகளைக் கொடுத்தார். ஒரே அளவு, ஒரே மூடி. லேபிளில் பெரிய எழுத்தில் பெயர், மருந்து, எத்தனை மாத்திரை, கீழே கையெழுத்து. திரும்பும் பஸ்ஸில் அந்த லேபிள்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் சோதிக்கும்போது யாராவது படித்துவிட்டால்? சத்தியம் என்னாவது? என் அறிவு வேலை செய்யத் தொடங்கியது.

பத்தாங் பெர்ஜுந்தாயில் இறங்கி, காப்பிக்கடையில் ஒரு தேநீரும் ஒரு கோப்பை வெந்நீரும் கேட்டேன். குப்பிகளை வெந்நீரில் நனைத்து, இரண்டு லேபிள்களையும் நகத்தால் சுத்தமாக உரித்து, சுக்கு நூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். குழம்பிவிடக்கூடாதே என்று ஐயாவின் குப்பியை வலது பையிலும் அம்மாவின் குப்பியை இடது பையிலும் வைத்துக்கொண்டேன். அன்று நான் அடைந்த திருப்தியை இன்றும் மறக்க முடியாது. இவ்வளவு புத்தியுள்ள ஒருத்தியை இந்தத் தோட்டம் வெறும் மிஸ்ஸியாக வைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

சாமான் வாங்கப் போயிருந்த பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லோரி புறப்பட்டது. நானும் ஏறினேன். இருபது பேர் இருப்பார்கள். மீன் வாடை. மாரியாயி என்கிற வெட்டுக்காரம்மா எனக்கு இடம் கொடுத்தார். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி, வாயிலும் அப்படியே.

வாசலில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். வழக்கமாக மிஸ்ஸியை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அன்று புதிதாக ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. "எல்லோரையும்" என்றார். பெண்களைச் சோதிக்கும் மலாய்க்கார அம்மா சங்கடத்தோடு என் பைகளில் கைவிட்டு, இரண்டு குப்பிகளையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

வலது எது, இடது எது என்பது அந்த நொடியோடு முடிந்தது.

"இது என்ன?" என்றார் அதிகாரி. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"வைட்டமின்."

"சீட்டு?"

"இல்லை."

"லேபிள்?"

"இருந்தது."

"எங்கே?"

"சாக்கடையில்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். லேபிளை உரித்து எறிந்த மருந்து, சீட்டு இல்லை, காட்டோரத் தோட்டம், மருந்து தெரிந்த ஒரு பெண். அவருக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது. எனக்கும், கொஞ்சம் தாமதமாக.

"வைட்டமின் என்றால் ஒன்றை விழுங்கு" என்றார்.

ஒரு குப்பியைத் திறந்து நீட்டினார். விழுங்கினேன். தண்ணீர்கூட இல்லை.

பின்னாலிருந்து மாரியாயி, "என்னா மிஸ்ஸி, சொல்றத சொல்லிட்டு வாங்கலா. மீனு நாறிப்போவுது" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது பேருக்கு நாற்பது காதுகள். சத்தியம் வேறு தொண்டையில் நின்றது, மாத்திரைக்குப் பக்கத்தில்.

துரை கோலாலம்பூர் போயிருந்ததால் பெரிய கிராணியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சைக்கிளில் வந்தார். குப்பிகளைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இவை உங்கள் தோட்டத்து மருந்தா?" என்றார் அதிகாரி.

கிராணி ஐயா என்னைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார். இருபது பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"இவற்றை நான் முன்பின் பார்த்ததில்லை, சார்."

உண்மைதான். அதுவரை அவர் அவற்றைப் பார்த்ததில்லை.

அதிகாரி ஜீப்பைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷன் என்று டிரைவரிடம் சொன்னது கேட்டது. ராசாவில் அம்மா காதில் இது எப்படி விழும் என்று நினைத்தேன். மகள் மருந்து கடத்தினாள் என்றா? அவளுக்கு நான் வீட்டில் மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை விழுங்க அழுததுதான் தெரியும். ஒரு காலைத் தூக்கி ஜீப்பில் வைத்தேன். அழக்கூடாது என்று எண்ணியபடியே அழுதேன்.

அப்போதுதான் குடை வந்தது.

பெரிய கிராணி வீடு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கிராணியம்மா எல்லாவற்றையும் தன் வீட்டு வராந்தாவிலிருந்து பார்த்திருக்கிறார். மெதுவாக நடந்து வந்து, குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பெண்ணை இறங்கச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளி ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் வரும் என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "இதில் ஒரு குப்பி என்னுடையது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. என் உடம்பு எரிகிறது. எனக்குத் தூக்கம் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது. இன்னொன்று என் கணவருடையது. அவருக்கும் வயதாகிறது. காட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இளைஞர்கள், சார். அவர்களுக்கு இந்த இரண்டுமே தேவைப்படாது. சந்தேகம் என்றால் டாக்டருக்கு டெலிபோன் செய்யுங்கள்."

அதிகாரியின் மூக்கில் இருந்த சிவப்பு காதுவரை பரவியது. ஆபீஸுக்குப் போய் டெலிபோன் செய்தார்.

கிராணி ஐயா சைக்கிளைப் பிடித்தபடி, அதன் பெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். கிராணியம்மா அவர்கள் பக்கம் திரும்பினார். அவர்களோடு பேசாத அம்மா.

"என்ன சொன்னனான் எண்டு நீங்களாக் கதை கட்ட வேண்டாம். நானே தமிழில சொல்லுறன்" என்று, சொன்னதை அத்தனையும் தமிழில் சொன்னார். சூடு, வேர்வை, அழுகை. குரல் நடுங்கவில்லை. "வயசு போறது களவில்லை. ஒளிக்க ஒண்டும் இல்லை. ஒளிச்சபடியாத்தான் இந்தப் பிள்ளை ஜீப்பில ஏற வேண்டி வந்தது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று அந்தப் பெண்மணியை நிமிர்ந்து பார்த்த பெருமை இன்றைக்கும் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. அவரைக் கர்வக்காரி என்றவர்களில் நானும் ஒருத்தி என்பதும் கூடவே இருக்கிறது.

அதிகாரி திரும்பி வந்து குப்பிகளை என் கையில் கொடுத்தார். நான் வாய் திறக்கும் முன்னே, குரலைத் தாழ்த்தி, அந்த மருந்தின் பெயர் என்ன என்று கேட்டார். தன் அம்மா எழுதும் கடிதங்களில் இதே தொல்லைகள் இருக்கின்றனவாம். என் கையாலேயே அவருடைய குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தேன். பிழையாகத்தான் எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை கிராணி ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்னால் பத்தடி தூரத்தில் குடை நின்றது.

"பயந்திட்டன் பிள்ளை. நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார்.

மன்னிக்க எனக்கு யோக்கியதை ஏது? லேபிளை உரித்தவள் நான். அதைச் சொன்னேன். ஐயா முதல் தடவையாகச் சிரித்தார். எது யாருடையது என்று டாக்டர் வந்து பிரித்துக் கொடுத்த பிறகு மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டார். அதனால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தோட்டத்துக்கு எல்லாம் தெரிந்ததுபோல அவருக்குப் "புதுமாப்பிள்ளை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் நின்றது. பிற்காலத்தில் அதைக் கேட்டால் அவர் வகிட்டைச் சரிசெய்துகொள்வார்.

அந்த வாரமே மாரியாயி ஐந்து பெண்களோடு வந்தார்.

"மிஸ்ஸி, கிராணியம்மா சொன்னாங்கள்ல, அந்தச் சூடு எங்களுக்குந்தான் வருது. நெருப்படுப்பு மாரி. பால்வாளியத் தூக்கிக்கிட்டு நிக்கையில வரும். பேயி புடிச்சிருக்குன்னு எம்புருசன் துன்னூறு போட்டாரு. அந்த மருந்து பெரிய வூட்டுக்கு மட்டுந்தானா?"

தொழிலாளிகளுக்கு அதெல்லாம் கிடையாது என்றார் டிரஸர். நான் அவரிடம் வாதாடவில்லை. கிராணியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுத்த முறை டாக்டர் வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் ஆறு பெண்களும் ஒரு குடையும் நின்றன. டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தார். இரண்டு பேருக்கு ரத்தம் போதவில்லை. ஒருத்திக்கு மலேரியா. மாரியாயிக்கும் இன்னொருவருக்கும் அந்த மாத்திரையே எழுதினார். மிச்சம் ஒருத்திக்கு, இது நோய் இல்லை, பேயும் இல்லை, கொஞ்ச காலத்தில் தணியும் என்று விளக்கிச் சொன்னார். அவள் அதைக் கேட்டதற்கே அழுதாள். அதன்பிறகு மாதத்தில் ஒரு மத்தியானம் அந்த வயதுப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அது நடந்தது. லேபிளை உரித்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முட்டாள்தனமான காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இவ்வளவு நல்ல பலன் கொடுத்த முட்டாள்தனம் வேறு இல்லை.

அன்று டாக்டரிடம் என் சொந்தச் சந்தேகத்தையும் கேட்டேன். நான் விழுங்கியது எது?

அதுவரை என்னிடமே இருந்த இரண்டு குப்பியையும் திறந்து காட்டினார். பெரியதா, சிறியதா என்றார். பெரியது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கிராணியுடையது" என்றார். ஒரு மாத்திரையால் எதுவும் ஆகாது என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. மாரியாயி அடுத்த ஆறு மாதம் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி மேலுதட்டைப் பார்த்தார். என்னைப் பெண்பார்க்க வந்தவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எல்லோர் முன்னிலும், "பொண்ணு ஆம்பளை மாத்திரை சாப்ட்டதாச் சொல்றாங்களே, மெய்யா?" என்று கேட்டார். ஆமாம், தண்ணீர் இல்லாமல் என்றேன். அவரையே கல்யாணம் செய்துகொண்டேன்.

இப்போது பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கிறது. ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகிக்கொண்டால் யாரும் துணியைத் தேடுவதில்லை. "அம்மாகிட்ட குடுங்கலா, அவங்க கிராணி மாத்திரை சாப்ட்டவங்க" என்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேரும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் இதுவரை ஒரு போத்தலையும் நான் திறக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை.