பால் பாக்கெட்டில் பதிந்த முட்டி

அரியலூர் தேரடியிலிருந்து ரஞ்சன்குடிக் கோட்டை வரை ஐம்பது கிலோமீட்டர் ஓடியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது, என் முழங்கால் இரண்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை முட்டாள் என்று சொல்லக் கூடாது.

ஓட்டம் நல்ல காரியத்துக்காக. அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மிஷின் வாங்க நிதி திரட்டினார்கள். நான் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன். லாரிகளை எடை போட்டுப் போட்டு நானும் ஒரு சின்ன லாரி அளவுக்கு வந்துவிட்டேன். ஓடினால் மிஷினும் வரும், தொப்பையும் போகும்.

எங்கள் வீடு மாடியில். கீழே என் சிநேகிதன் தமிழழகனின் ஃபிளெக்ஸ் கடை. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான். பின்னால் கோட்டை. கோட்டைக்கு முன்னால் பாயும் புலி. புலிக்கு முன்னால் நான். ‘அரியலூரின் அதிவேகமே’ என்று தலைப்பு. புலி என்னைத் துரத்துகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஊர் பார்த்துவிட்டது.

மூன்றாம் வாரப் பயிற்சியில் வலது முட்டி ‘டக்’ என்றது. ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது என்றார் பிசியோ மேடம். ஆறு வாரம் ஓடக் கூடாது. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்க வேண்டும். மறுபடி கிழிந்தால் ஆபரேஷன். ஓட்டத்துக்கோ ஐந்து வாரம்தான் இருந்தது. ஒரு வாரம்தானே குறைகிறது, முட்டியுடன் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மனைவியுடன்தான் பேச முடியவில்லை. வெற்றிச்செல்வி கான்வென்டில் படித்தவள். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் குரல் ஏறும். எங்கள் வீட்டில் இறங்கும்.

“ஏங்க, ஓட்டத்துக்கு வரலைன்னு சொல்லிடுங்க.”

“ஃபிளெக்ஸ் வச்சாச்சு செல்வி.”

“ஃபிளெக்ஸ்ல இருக்கறவருக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. அவர ஓடச் சொல்லுங்க.”

அதனால் திருட்டுத்தனமாக ஓடினேன். சாப்பாட்டுப் பையின் அடியில் ஷூ. வேலைக்குச் சீக்கிரமே கிளம்பி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு ஓட்டம்.

“எடைமேடையில உக்காந்திருக்கறவருக்கு சாக்ஸ் எப்படிங்க இப்படி நனையுது?”

“ஆபீஸ்ல ஏசி ரிப்பேர்.”

“சட்டை காஞ்சிருக்கே. காலுக்கு மட்டும் தனி ஏசியா?”

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன் என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலமானால் முட்டி பன் மாதிரி உப்பியது. ஐஸ் வைக்க வேண்டும். ஐஸ் பை வாங்கினால் மாட்டிக்கொள்வேன். செல்வி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஃப்ரீசரில் பாதி உறைந்திருக்கும் பால் பாக்கெட்டை எடுத்து முட்டியில் வைத்துக்கொள்வேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பழையபடி உள்ளே போட்டுவிடுவேன். இதைவிடப் பிரமாதமான திட்டம் எந்தப் புருஷனுக்கும் தோன்றியிருக்காது.

“ஏங்க, இந்தப் பாலப் பாருங்க.”

“கெட்டுப் போச்சா?”

“கல்லு மாதிரி இருக்கு. ஆனா நடுவுல குழிஞ்சிருக்கு.”

“பால்காரன் மேல எதையாவது வச்சிருப்பான்.”

“கால நீட்டுங்க.”

நீட்டினேன். பாக்கெட்டை என் முட்டியின் மேல் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

“பால்காரனுக்கும் முட்டி வலி இருக்கும் போல,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குரல் இன்னும் இறங்கியது.

“போன வாரம் சிந்துவத் தூக்கிக்கிட்டுப் படி இறங்குனீங்க. பாதியில முட்டி மடங்கிடுச்சு. கைப்பிடியப் புடிச்சு நின்னீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டீங்க. அன்னையிலேர்ந்து நீங்க அவளத் தூக்கும்போதெல்லாம் நான் பின்னாலயே வந்து நிக்கறேன். பயமா இருக்குங்க.”

எங்கள் மகள் சிந்துவுக்கு ஒன்றரை வயது. என் முட்டி மேலிருந்த சாட்சியத்தை நக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.

“டயாலிசிஸ் மிஷினு...” என்று இழுத்தேன்.

“சரி, போங்க. ஆனா அன்னைக்கு வரைக்கும் ஓடக் கூடாது. துண்டத்தான் அமுக்கணும்.”

உடனே சரி என்றாள் பாருங்கள், அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் துண்டை அமுக்கினேன். கேழ்வரகுக் கூழ் வந்தது. முருங்கைக்கீரை வந்தது. ஒருநாள் வெள்ளை வேட்டி சட்டை போடச் சொல்லிக் கையில் மோர் டம்ளரைக் கொடுத்தாள்.

“அத நீட்டிக்கிட்டே சிரிங்க. ஒரு போட்டோ.”

“எதுக்கு?”

“எங்க ஸ்கூல் குரூப்புல, வெயிலுக்கு மோர் குடிங்கன்னு போடப் போறோம்.”

“அப்ப நான் குடிக்கற மாதிரி எடேன்.”

“குடுக்கற மாதிரிதாங்க உங்களுக்கு அம்சமா இருக்கு.”

சிரித்தேன்.

ஓட்ட நாள் விடியற்காலை. பனியனை அவளே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். குழந்தையோடு மூன்று பேரும் பைக்கில் தேரடிக்குப் போனோம். நல்ல கூட்டம். கூட்டத்துக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ், பழையதைவிட இரண்டு மடங்கு. புலி இல்லை. கோட்டை இல்லை. வெள்ளை வேட்டியில், டம்ளரை நீட்டியபடி, சிரித்துக்கொண்டு நான்.

‘இளைஞர்களுக்கு வழிவிட்டு, தன் ஓட்டத்தைத் துறந்து, ஓடி வருவோரின் தாகம் தீர்க்கப் பேரளியில் மோர்ப் பந்தல் நடத்தும் தியாகச் செம்மல் ரஞ்சித்குமார் அவர்களே, வருக வருக.’

எனக்கு வயது முப்பத்து நான்கு.

செல்வியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ சால்வை போர்த்தினார்கள். எங்கள் மேனேஜர் கையைக் குலுக்கினார்.

“யாரு வேணா ஓடலாம் தம்பி. விட்டுக்குடுக்கத்தான் மனசு வேணும். உங்களப் பாத்துட்டு நம்ம ஆபீஸ்லயும் மிஷினுக்குப் பணம் போடறோம்.”

நான் ஓடத்தான் வந்தேன் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். திறந்த வாயை வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டியதாயிற்று.

ஓட்டம் போகும் வழியில் இருக்கும் பேரளிக்குப் பைக்கிலேயே போனோம். பந்தல் தயாராக இருந்தது. அதே ஃபிளெக்ஸின் குட்டி ஒன்று முகப்பில் கட்டியிருந்தது. பக்கத்தில் மோர்ப் பானையும் தமிழழகனும்.

“துரோகி,” என்றேன்.

“தங்கச்சி கண்ணு கலங்கிப் போயி கேக்குது மாப்ள. நான் என்ன பண்ணட்டும்?”

செல்வி நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். எனக்குப் போர்த்திய சால்வையைச் சுருட்டி முட்டிக்கு அடியில் செருகினாள்.

“மோர் ஊத்திக்கிட்டே அமுக்குங்க.”

அமுக்கினேன். என்னைவிட மூத்தவர்கள் எல்லாம் ஓடி வந்து, “இளைஞர்களுக்கு வழிவிட்டது நீங்கதானா?” என்று விசாரித்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஓடினார்கள்.

பானை காலியானதும் எனக்கு ரோஷம் வந்தது. “அடுத்த வருஷம் இருக்குடா. ஓடிக் காட்டறேன்.”

தமிழழகன் வேறு எங்கோ பார்த்தான். “ஃபிளெக்ஸ்ல தேதியப் பாத்தியா மாப்ள?”

பார்த்தேன். தேதி மட்டும் தனியாக ஸ்டிக்கரில் இருந்தது.

“வருஷா வருஷம் அத மட்டும் மாத்தி ஒட்டுனா போதும்னு தங்கச்சி சொல்லுச்சு.”