எகிப்துப் பல்லும் திண்டுக்கல் புழுவும்

அம்மைக்கு ஒரு தெய்வம், பாம்புக்கடிக்கு ஒரு தெய்வம் என்று நம் நாட்டில் எல்லா இலாகாவும் நிரம்பியிருந்தது. பல்வலிதான் பாவம், கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தக் குறையைத் தீர்க்க எண்பத்து நாலாம் வருடம் பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஒரு மாதா திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தார்.

சாணார்பட்டி சாலையில் கீற்றுப் பந்தல். அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்தபடி நீண்ட வரிசை. பல்வலிக்கு மதம் கிடையாது. குங்குமப்பொட்டு, முக்காடு, ஜெபமாலை எல்லாம் ஒரே வரிசையில் முனகிக்கொண்டு நின்றன.

பந்தலுக்குள் இருந்தவர் பெயர் வியாகுலம். வெள்ளை அங்கி, வழித்துச் சீவிய தலை. எந்தக் கோயிலும் அவரை நியமிக்கவில்லை. தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். அவர் முன்னால் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் பஞ்சின்மேல் ஒரு பல்.

"இது எகிப்து தேசத்துப் புனித அப்போலோனியா பல்லு! ஆயிரத்தி எழுநூறு வருசத்துக்கு முந்தி அந்தம்மா பல்லைப் பாவிக உடைச்சாங்க. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தேசத்துக்குப் பறந்துச்சு. இந்தியாவுக்குப் பறந்து வந்தது இது!"

பல்லுக்கு எப்போது இறக்கை முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வலிக்கிற பல்லோடு வாயைத் திறப்பதே கஷ்டம். கேள்வி வேறு கேட்க வேண்டுமா?

வைத்தியம் இலவசம். மெழுகுவர்த்தி மட்டும் அவரிடமே வாங்க வேண்டும். ஏற்றிய மெழுகுவர்த்தி ஐந்து நிமிடத்தில் அணைந்து, மறுபடி விற்பனைக்குப் போகும். உயிர்த்தெழுதலை அவர் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்.

தட்டில் தண்ணீர். நடுவே ஒரு கல்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதன்மேல் ஒரு சிட்டிகை 'புனிதப் பொடி'. மேலே ஓட்டை போட்ட கலயத்தைக் கவிழ்த்து, ஓட்டையில் ஒரு பப்பாளிக் குழலைச் செருகுவார். நோயாளி குழலில் வாயை வைத்துப் புகையை வாங்க வேண்டும். பிறகு கலயத்தைத் தூக்கினால், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்ட புழுக்கள்! "மாதாவே!" என்று பந்தல் அதிரும்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் முத்துப்பேச்சி மூன்று தடவை வந்து போய்விட்டாள். புகையில் கொஞ்ச நேரம் பல் மரத்துப்போகும். வீட்டுக்குப் போனதும் முன்னைவிடத் தெறிக்கும். இப்போது தாடை பூசணிக்காய்போல வீங்கிக் காய்ச்சலும் கண்டிருந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை.

அதே தெருவில் குடியிருந்த அந்தோணிமுத்து, கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பார்த்ததும் பதறிப்போனார்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"பதினோரு புழு வந்துருச்சுண்ணே. இன்னும் மூணுதான் பாக்கியாம்" என்று வாயைச் சரியாகத் திறக்காமலே சொன்னாள்.

அவள் புருஷன் அழகர்சாமிக்குக் கோபம். "வேதக்காரரா இருந்துக்கிட்டு உங்க மாதாவை நீங்களே நம்ப மாட்டேங்கிறீகளே?"

"மாதாவை நம்புறேன் அழகரு. புழுவைத்தான் நம்பல. நானும் கூட வாரேன். அவன் பொய்யின்னு காட்டிட்டா, அங்கயிருந்து நேரா ஆஸ்பத்திரி. சரியா?"

அழகர்சாமி தலையாட்டினான்.

மூவரும் பந்தலுக்குப் போனதும் அந்தோணிமுத்துவே முதலில் போய் உட்கார்ந்தார். "ஐயா, எனக்கும் குத்துது."

வியாகுலம் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "அடடா! பெரிய குடும்பமே குடியிருக்கே!"

புகை போட்டார். கலயம் எழுந்தது. ஏழு புழு.

"எந்தப் பல்லுலங்க?"

"மேல்வரிசையில நாலு, கீழ்வரிசையில மூணு" என்றார் வியாகுலம், முகவரி எழுதிக் கொடுப்பவர்போல.

அந்தோணிமுத்து ஒரு கணம் தயங்கினார். பிறகு வாய்க்குள் கைவிட்டு மேல்வரிசையைக் கழற்றினார். கீழ்வரிசையையும் கழற்றினார். இரண்டையும் கண்ணாடிப் பேழைமேல் வைத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் ரயில் கொக்கி தெறித்து அவர் பல்லெல்லாம் போயிருந்தது. அது அவர் மனைவிக்கும், பல் செட் செய்து கொடுத்த பேகம்பூர் பக்ருதீனுக்கும் மட்டுமே தெரியும். கல்யாணப் போட்டோக்களில் முன்னால் நின்று சிரிக்கிற மனிதர், இப்போது பொக்கைவாயோடு ஊர்முன் நின்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சிவந்தது. ஆனாலும் பல்லை எடுத்து மாட்டவில்லை.

"ஏழு புழுவும் இதுலயா குடியிருந்துச்சு?" காற்றாய் வந்தன வார்த்தைகள். "இது பிளாஸ்டிக்குய்யா!"

"ஈறுலயும் புழு இருக்கும்!" என்றார் வியாகுலம்.

"அப்ப யாரும் வாய் வைக்க வேணாம். பொடியை மட்டும் போடு."

"மாதா கோவிச்சுக்குவாக!"

வரிசையில் நின்ற ஜெய்தூன் பீவிக்குப் பொறுமை போய்விட்டது. "தள்ளுங்க" என்று முன்னால் வந்து, தானே பொடியைப் போட்டுக் கலயத்தைக் கவிழ்த்தாள். தூக்கினாள். ஒன்பது புழு.

"யா அல்லா! கலயத்துக்கும் சொத்தைப்பல் போல!"

அழகர்சாமி பொடியைக் கையில் வாங்கித் தேய்த்தான்; மேல் தூள் உதிர்ந்து விதை தெரிந்தது. "ஏலே, இது கண்டங்கத்திரி வெதை! எங்க வரப்புல மண்டிக் கெடக்கு!" சூட்டில் விதை வெடிக்க, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு சுருண்டு தண்ணீரில் விழுகிறது. புழுவின் பூர்வீகம் அவ்வளவுதான்.

ஜெய்தூன் பீவி பேழையையும் விடவில்லை. குனிந்து பார்த்தாள். "வாரம் தவறாம ஆட்டுத்தலை ஆக்குறவ நான். இது கெடா பல்லு."

"புனிதையை அவமானப்படுத்துறீங்க!" என்று அலறினார் வியாகுலம்.

"அவமானம் யாரு பண்றா?" அந்தோணிமுத்து பொக்கைவாயாலேயே கேட்டார். "அந்தம்மா வயசானவங்க. பல்லை உடைச்ச கூட்டம், 'நாங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லு, இல்லாட்டி நெருப்பு'ன்னுச்சு. மனசுல இல்லாத வார்த்தை வாயில வராதுன்னு அவங்களாவே நெருப்புல பாஞ்சாங்க. ஒரு பொய் சொல்லாததுக்கு உசிரைக் குடுத்தவங்க பேரைச் சொல்லி, நீ ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்றியேய்யா!"

அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வியாகுலம் வயல் வழியே ஓடினார்.

முத்துப்பேச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீழை வடித்து, பல்லைப் பிடுங்கினார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கழுத்துக்கு எறங்கியிருக்கும். உசிருக்கே ஆபத்து" என்றார். அழகர்சாமி சுவரில் சாய்ந்து அழுதான். நாலாம் நாள் அவள் கஞ்சி குடித்தாள்.

அடுத்த வாரம் அந்தோணிமுத்து சாணார்பட்டி சாலையில் போனபோது பந்தல் இல்லை. மூங்கில் கம்பம் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்தபடி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுதான் பொய்யின்னு ஆயிருச்சேப்பா?"

"புழு பொய்யா இருக்கட்டுங்க. கம்பம் நெசந்தானே?"

கம்பம் நிஜம்தான். அதற்கு மூளை கிடையாது. நட்ட இடத்தில் யோசிக்காமல் நிற்கிறது. மூளை உள்ள நமக்கு என்ன கேடு வந்தது?