குணரத்தினம் சொன்ன வாக்கியம்

தனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொல்லிக்கொண்டால், அவருக்கு இன்னும் தோதான ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம். எனக்கு இருபத்து நாலு வயதில் அகப்பட்டார். பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர், சிங்கப்பூரில் பல்கலைக்கழக விரிவுரையாளர், மொழியியல் படித்தவர், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர், கல்யாணம் ஆகாதவர். இவ்வளவும் ஒரே ஆளுக்கு எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருவதற்கு முந்தின வருஷம் அது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பகலில் தாய்மாமன் துணிக்கடையில் துணி கிழிப்பேன். சாயங்காலம் சைக்கிளில் காஜா பேராங் போய்ச் செட்டிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். செட்டிகள் என்றதும் வட்டிக்கடையை நினைக்க வேண்டாம். இவர்கள் பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவில் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். கோயில், விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு. பெயர்கூடத் தெய்வானை, பரமசிவம் என்றுதான் இருக்கும். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். அதுவும் கடைத்தெரு மலாய் இல்லை, அவர்களுக்கென்று ஒரு தனி மலாய். கோயிலிலும் கல்யாணத்திலும் புழங்குகிற தமிழ்ச் சொற்கள் பாயசத்து முந்திரி மாதிரி அங்கங்கே தட்டுப்படும்.

இந்த மக்களுக்குத் தமிழை மீட்டுக் கொடுக்கவே பிறந்தவன் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. (யாரும் கேட்கவில்லை.) முதல் நாள் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களை நடத்தினேன். தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாதவர்களுக்கு, எங்கே ‘க்’ போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். பாவம், அவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். என்னைச் ‘சிக்கு’ என்று மரியாதையாக அழைத்தார்கள். மலாயில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். தமிழில் என்ன பொருள் என்பது நீளமான தலைமுடி உள்ளவர்களுக்குத் தெரியும்.

முன்வரிசையில் தெய்வானை உட்காருவாள். தையல் வேலை செய்பவள், துணி வாங்க எங்கள் கடைக்கும் வருவாள். அவள் ‘ழ’ சொல்ல முயலும்போது மூக்கு லேசாகச் சுருங்கும். அதைப் பார்ப்பதற்காகவே ‘ழ’ வரும் சொற்களாகத் தேடித் தேடிப் பாடம் தயாரித்தேன். வாழை, கூழ், கழுதை. அவளுக்குக் கழுதை மட்டும் சரியாக வந்தது. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லும்போதுதான் சரியாக வந்தது.

இந்த நேரத்தில்தான் குணரத்தினம் வந்து இறங்கினார். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிற சிறு மொழிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அவர் வேலை. காடுகளில் வாழும் பூர்வகுடிகளின் மொழிகளைப் பற்றித் தெங்கேராவில் ஒரு பேச்சை முடித்திருந்தார். அடுத்த பேச்சு காஜா பேராங்கில், செட்டிகளின் மொழியைப் பற்றி. அவர் கட்சி எனக்கு நேர் எதிர். செட்டிகள் பேசுவது கெட்டுப்போன தமிழும் இல்லை, கொச்சை மலாயும் இல்லை, அது ஒரு முழு மொழி என்றார். அது பிழைக்க வேண்டுமானால் வீட்டில் பிள்ளைகளோடு அதிலேயே பேசுங்கள் என்றார். ஜனங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பின்னே? நான் எட்டு மாதமாக ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வந்த அன்றே ‘உங்களுக்கு எல்லாம் தெரியும், எனக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்றார்.

என் வகுப்பு காலியானது. எல்லோரும் அவருக்குச் சொல் கொடுக்கப் போய்விட்டார்கள். தெய்வானை வீட்டு வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் தினமும் நின்றது. கோபத்துக்கு என்ன சொல்வீர்கள், கொஞ்சலுக்கு என்ன சொல்வீர்கள் என்று அவர் கேட்பார். அவள் சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். (சொல் சேகரிக்க எதற்குச் சிரிப்பு?) யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். ஒருநாள் கடையில் தெய்வானையிடம், “ரெண்டு கஜம் போதுமா?” என்று கேட்டேன். “ஓம்” என்றாள். எட்டு மாதம் தொண்டை கிழிய நான் புகட்டியும் இறங்காத தமிழை ஒரே மூச்சில் புகட்டிவிட்டான், படுபாவி. அன்றைக்கு இரண்டு கஜத்துக்கு ஒன்றே முக்கால் கஜம்தான் கிழித்தேன்.

கடைசியில் வகுப்பில் மிச்சமிருந்தவர் பரமசிவம் ஒருவர்தான். நில அலுவலகக் குமாஸ்தா, ஐம்பது வயது. ஒருநாள் அவரும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சிக்கு, பெசோ கெலாஸ் தாடா. பெசோ பெத்தாங் தெய்வானை சாமா துவான் குணா, இக்காட் தாலி டி பாலாய்.”

என் மலாய் துணிக்கடை மலாய். ஆனாலும் அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு வகுப்பு கிடையாது. பெசோ பெத்தாங் என்றால் நாளைச் சாயங்காலம். சாமா என்றால் கூட. பாலாய் என்றால் ஊர்ப் பொதுக்கூடம். இக்காட் என்றால் கட்டுவது, பொட்டலம் கட்டச் சொல்லி வாடிக்கையாளர்கள் தினமும் சொல்வது. மிச்சம் இருப்பது தாலி. தஞ்சாவூர்க்காரனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

குணரத்தினத்தின் பேச்சு என்றைக்கு என்று நான் விசாரித்து வைத்திருக்கவில்லை. எதிரியின் நிகழ்ச்சி எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அதனால் நாளைச் சாயங்காலம் கூடத்தில் வேறு என்ன நடக்க முடியும் என்று யோசிக்கவே இல்லை. அன்று சோறு இறங்கவில்லை. மாமா பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏண்டா, வயித்துக்கு ஆகலையா?”

“மனசுதான் மாமா.”

“அதுக்கெல்லாம் கடையில லீவு கெடையாது.”

மறுநாள் லீவு கேட்கவில்லை. ஒரு சீன அம்மாள் பாதி விலை பேசிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொறாமையை அதுவரை நெஞ்சில் உணர்ந்திருக்கிறேன். அன்றுதான் அது முழங்காலுக்கு இறங்கியது. காஜா பேராங் ஏற்றத்தில் பெடலை மிதித்தது நானில்லை, அதுதான்.

கூடத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. தெய்வானையின் அப்பா தட்டில் மாலையோடு நின்றார். கோயில் மேளக்காரர் மேடைக்குப் பக்கத்தில் மேளத்தை மடியில் வைத்திருந்தார். ஊரே பாயில் உட்கார்ந்திருந்தது. மேடையில் புது கெபாயாச் சட்டையும் தலை நிறைய மல்லிகையுமாகத் தெய்வானை ஒரு முக்காலி மேல் நின்றாள். எதிர்ப்பக்கம் சின்ன ஏணி மேல் குணரத்தினம். அவர் கையில் ஏதோ இருந்தது. என்ன என்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை.

“நிறுத்துங்கள்!” என்று கத்தினேன்.

ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தச் சொல்லை நான் வகுப்பில் நடத்தியிருக்கவில்லை. உடனே எனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் திரட்டி, அடிவயிற்றிலிருந்து, “ஜாங்கான் இக்காட் தாலி!” என்றேன். தாலி கட்டாதே. என் வாழ்நாளில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் மலாய் வாக்கியம் அது.

தெய்வானை சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவி. கையில் பிடித்திருந்ததை அப்படியே விட்டுவிட்டாள். அது ஒரு கயிறு. அவள் முனையை ஆணியில் கட்டுவதற்காக, மறுமுனையைக் குணரத்தினம் முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்திருந்தார். செட்டி மொழிச் சொற்களைப் பெரிய அட்டைகளில் எழுதி, அந்தக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. வாழைமரமும் மாலையும் மேளமும் பேச்சாளருக்கு மரியாதை. அவள் விட்டதும் அவர் ஏணியோடு பின்னால் சாய்ந்து மேளக்காரர் மடியில் போய் விழுந்தார். கயிற்றில் ஏற்கெனவே மாட்டியிருந்த அட்டைகள் எல்லாம் முன்வரிசையின் தலையில் விழுந்தன. கெட்டிமேளம் ஒரே ஒரு தடவை கொட்டியது. கொட்டியது அவர் முதுகு.

தெய்வானையின் அப்பா என்னிடம் வந்தார். “கெனாப்பா ஜாங்கான், சிக்கு?” ஏன் கட்டக் கூடாது? கயிறு இற்றுப்போயிருக்கிறதோ என்று அவர் பயந்திருந்தார். நான் குணரத்தினத்தைக் கை காட்டி, “இவருக்குப் போய் நம்ம பொண்ணைக் கட்டிக் குடுக்கலாமா?” என்று தமிழில் கேட்டேன். (‘நம்ம’ எப்படி வந்தது என்று தெரியவில்லை.)

கூடத்தில் அது புரிந்தவர் ஒரே ஒருவர்தான். மேளக்காரர் மடியில் மல்லாந்தபடியே அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

“மாஸ்டர், இது கயிறு. மலாயில கயித்துக்குத் தாலி எண்டுதான் பேர். இவையள் கழுத்தில கட்டுறதும் தாலி, கொடியில கட்டுறதும் தாலி.”

பிறகு எழுந்து, சுளுக்கிய கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அவர்கள் மொழியில் எல்லோருக்கும் விளக்கினார். முதலில் பெண்கள் பக்கம் சிரித்தார்கள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, நான் தலை நிமிரவில்லை. தெய்வானை மட்டும் மேடையை விட்டு இறங்கி வந்தாள். ஏணி சாய்ந்ததில் எதிர்ப்பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டுவிட்டதால் கயிற்றின் அந்த முனையை என் கையில் கொடுத்தாள்.

“பெகாங், சிக்கு.” பிடியுங்கள் என்று அர்த்தம்.

பேச்சு முடிகிற வரை பிடித்தேன். என் எதிரி தன் மொழியியலை விளக்க, நான் அவருக்குத் தூணாக நின்றேன். முதல் உதாரணமே தாலிதான். கை வலித்துக் கொஞ்சம் தாழ்த்தினால், பின்னால் இருந்து பரமசிவம், “சிக்கு, அத்தாஸ்” என்பார். மேலே தூக்க வேண்டும். தெய்வானை முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சு முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாதிரி என்னால் ஒருநாளும் பேச முடியாது என்பது எனக்குத் தெரிந்தது, அது கையை விட அதிகமாக வலித்தது.

எல்லாம் முடிந்ததும் தெய்வானையின் அப்பா மறுபடி வந்தார். நிதானமாக, நீளமாக ஏதோ கேட்டார். துணிக்கடை மலாய்க்கு அது எட்டவில்லை. குணரத்தினம் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்கள் அவவைக் கட்டப்போறீங்களோ, இல்லாட்டிச் சும்மா சத்தம் போட்டீங்களோ எண்டு கேக்கிறார்.”

பெண் கேட்க வேண்டிய நேரத்தில் துணைக்கு எதிரிதான் கிடைத்தான். வேறு வழி இல்லை. இலக்கணம், அடுக்குத்தொடர், மேடைத் தமிழ் எல்லாம் என்னைக் கைவிட்டுவிட்டன.

“எனக்கு அவங்களைப் பிடிக்கும். மாமாவ ஒரு வார்த்தை கேக்கணும்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

குணரத்தினம் தலையாட்டிவிட்டு அதை அவர்கள் மொழியில் சொன்னார். நான் சொன்னதைப் போலப் பத்து மடங்கு நீளம். நடுவில் ஒரு தடவை குரலைத் தாழ்த்தினார். ஒரு தடவை நெஞ்சில் கை வைத்தார். தெய்வானையின் அப்பா மூக்கை உறிஞ்சினார். மேளக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தெய்வானை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவள் சம்மதித்தாள். எதற்குச் சம்மதித்தாள் என்பதுதான் கேள்வி.

மெர்டேக்கா வந்த வருஷமே கல்யாணம் நடந்தது. மாமா கடையிலிருந்து துணி இலவசம். செட்டி மொழியை நான் முழுக்கக் கற்றுக்கொண்டேன், தமிழுக்காக எடுத்த பாடு ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. என் பிள்ளைகள் வீட்டில் அதில்தான் பேசுகிறார்கள், குணரத்தினம் சொன்னபடி. (அவர் சொல்லி நான் கேட்டதாக நினைக்க வேண்டாம், தெய்வானை சொன்னாள்.) அன்று அவர் என்னதான் சொன்னார் என்று மனைவியிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “நீங்க சொன்னதைத்தான் சொன்னார்” என்பாள். நான் சொன்னது அவ்வளவு நீளம் இல்லையே என்பேன். அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வது இந்த வீட்டில் ஒரு விளையாட்டு. போன தீபாவளிக்கு, பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து வந்திருந்த புது மாப்பிள்ளையின் காதில் என் மகள் அதைச் சொன்னாள். அவன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு என்னை வெகு நேரம் பார்த்தான்.

“மாமா, நெசமாவே நீங்களா அப்படிச் சொன்னீங்க?”

தெய்வானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பின்னே?” என்றேன்.