சம்பந்திக்கு ஒரு உப்புக்கறி

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
2-4-1958

திண்டிவனத்தில் பாதிரியார் பங்களா அடுப்பை ஆளும் அன்பு மச்சான் சின்னதுரைக்கு, ரயில்வே ரன்னிங் ரூம் சமையல்காரன் சவுரிராயன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உம் தங்கச்சி அம்மணியும் மகள் ஜெயமும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் புத்தி மட்டும் கொஞ்ச நாளாகச் சுகமில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் கண்டமங்கலத்திலிருந்து ஜெயத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அப்பா புதுச்சேரியில் துரைமாரிடம் பட்லராக இருந்தவராம். "உப்புக்கறி போட்டாத்தான் பந்தியில குந்துவேன்" என்று தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டாராம். நானும் மாட்டு நெஞ்சுக்கறி நாலு பவுண்டு வாங்கி, உப்பு, வெடியுப்பு, வெல்லம், கிராம்பு தடவி, ஜாடியில் அமுக்கி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி இன்றோடு எட்டு நாள். தினமும் திருப்பிவிட ஜாடியைத் திறக்கிறேன். திறந்ததும் அந்தக் கிராம்பு வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன் மச்சான். கறி வெண்ணெயாக நழுவுகிறது, சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார், கோயில் மணி அடிக்கிறது, ஜெயம் என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி மெல்ல நடக்கிறாள். நேற்று இப்படி நடந்துகொண்டே இருந்ததில் மெயில் வண்டி போனதுகூட என் காதில் விழவில்லை. வண்டியை விட்டு இறங்கி ரன்னிங் ரூமுக்குச் சாப்பிட வந்த எட்டு டிரைவர்கள் பட்டினி.

எப்படி வேக வைப்பது என்பதில்தான் பேஜாரு. பானையில் முங்கத் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் அரை நாள் என்கிறேன் நான். அதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு, உப்பை அலசித் துண்டுபோட்டு மிளகோடு வறுத்தால்தான் கறி என்கிறாள் உம் தங்கச்சி. இதற்கு நடுவில் ஃபயர்மேன் பெரியதம்பி, என்ஜினுக்குக் கரி அள்ளும் மண்வெட்டியில் வைத்து நெருப்பில் காட்டினால் ஜல்தியாக வெந்துவிடும் என்று உள்ளங்கையளவு வெட்டிக்கொண்டு போனான். முண்டியம்பாக்கம் போவதற்குள் வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை. சரி, உப்பாவது சரியா என்று பார்க்கலாமென்றால் ஈஸ்டர் முடியும்வரை தபசு காலம். எங்கள் வீட்டில் எவரும் கறியை நாக்கில் வைக்கக் கூடாது. பெரியதம்பியும் நம் கோயில்காரன்தான், அவனும் வாயில் வைக்கவில்லை.

ஆகவே பானையா, வறுவலா, இரண்டும் வேண்டாமென்று இட்லிப் பானை ஆவியா, நீர் சொல்வதே முடிவு. மறு தபாலில் ஒரு கார்டு போடும். பெண்ணின் வாழ்க்கை உம் கையில் இருக்கிறது.

பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடும்.

இப்படிக்கு,
சவுரிராயன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடும். தபாலில் போடச் சொல்லி ஜெயத்திடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்று முழுக்கப் படித்துவிட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கறிய எப்டி வேக வைக்கறதுன்னு திண்டிவனத்துக்குக் கடுதாசி எழுதிக்கினு இருக்கீங்க. அந்தப் பையனக் கட்டிக்கிறியான்னு என்ன ஒருத்தரும் கேக்கலியேப்பா."

அப்போதே கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இப்போதைக்கு வர வேண்டாமென்று கண்டமங்கலத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். அவள் வாய் திறக்கும்வரை கறி ஊறட்டும்.