ஒரு முடிக்கு ஒரு முத்து

விடிந்தும் விடியாமலும் மொட்டை மாடிக்கு ஏறிய தலைவர், முதல் சோளக்கதிரின் தோலை உரித்தார். உள்ளே வெறும் தக்கை. இரண்டாவதும் பொக்கை வாய்.

தலைவர் என்றால் நாட்டுக்கு அல்ல. ஆறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கத்துக்கு. பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பு எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்க வேண்டும் என்று அறிக்கை ஒட்டி, தோட்டம் வருமுன் கதவு கதவாகத் தட்டிச் சோதித்தவர். இன்று பத்து மணிக்கு எல்லோரும் கூடிக் கதிர் பறித்து, உரித்து, சுத்தம் பண்ணப் போகிறார்கள். அதன்பின் மாடியில் தோட்டமா, துணிக்கொடியா என்று கை தூக்கப் போகிறார்கள். மூன்று மாதமாகப் பிள்ளை மாதிரி அவர் வளர்த்த பதினைந்து செடிகளின் ஆயுள் அந்தக் கைகளில் இருந்தது.

தெருமுனைக் காய்கறிக்காரம்மாவிடம் ஓடி, யாரோ வளர்த்த சோளம் போல விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஒரே கேள்வியில் நோயைப் பிடித்துவிட்டார்.

"நுனியில முடி தொங்குமே, அதை என்ன பண்ணாங்க?"

"பரட்டையா இருந்துச்சு. தினமும் ஒழுங்கா கத்தரிச்சுவிட்டாங்க."

"அடக்கடவுளே! அந்த முடி வழியாத்தானேய்யா பூத்தூள் உள்ள இறங்கணும்? ஒரு முடிக்கு ஒரு முத்து. அவங்க மொட்டை அடிச்சுட்டாங்க."

தோலோடு பதினைந்து கதிர் வாங்கினார். பொக்கைகளை ஒடித்து ஒளித்துவிட்டு, செடிக்கு ஒன்றாகப் பச்சை நூலால் கட்டினார். சட்டைக்கு இஸ்திரி போடவும் உரை எழுதவும் கீழே போனார்.

பத்து மணிக்கு மாடி நிறைந்தது.

"சார், ஒரே செடியில அஞ்சு கதிரு!" என்று கத்தினார் முதல் மாடி பஸ் டிரைவர்.

தலைவர் கட்டியது செடிக்கு ஒன்றுதான். "எல்லாம் இயற்கை உரம்," என்றார்.

"என்ன உரம் சார்? எழுதிக்கிறேன்," என்றார் தையல்காரம்மா.

"வந்து... பழைய டீத்தூள்."

"டீத்தூளுக்கே அஞ்சா!"

பல் டாக்டர் ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். செடி வேரோடு வந்தது, கதிர் வரவில்லை.

"காம்பு கொஞ்சம் உறுதி," என்று தலைவர் கத்தரிக்கோலோடு பாய்ந்தார். வெட்டியது பச்சை நூலை அல்ல, வெள்ளை நூலை. அதில் பற்பசை மாதிரி புதினா வாசனை வேறு. அடுத்ததில் சிவப்பு நூல். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். சிவப்பேதான். கேட்டுவிடலாம், ஆனால் மடியில் கனம் இருக்கிறதே. அடுத்த கதிருக்கு நகர்ந்தார்.

வட்டமாக உட்கார்ந்து உரித்தார்கள். முடி மடியில், மூக்கில், டீயில். டிரைவர் அதை மீசையாக ஒட்டிக்கொண்டு டாக்டரை மிரட்ட, டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எட்டு வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அந்தச் சிரிப்பைத் தலைவர் கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்த இரண்டு பக்க உரை திடீரென்று அசிங்கமாகப் பட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா?

"இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

"தோட்டமே இருக்கட்டும் சார்!" ஐந்து வீட்டுக் கைகளும் மேலே போயின.

"வருஷம் பூரா நீங்கதான் பாத்துக்கணும்," என்றார் தையல்காரம்மா. "வேற எந்த வேலையும் இழுத்துப் போட்டுக்காதீங்க."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளப் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். காய்கறிக்காரம்மா கூடையோடு மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அட, நீங்களும் இந்தக் கட்டடம்தானா? இன்னும் பத்து கதிர் வேணும்னு காலையில போன் வந்துச்சு, இப்பத்தான் கொண்டு வர முடிஞ்சுது. நீங்க போனதும் அஞ்சு வீட்டுக்காரங்களும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாங்கய்யா. நேத்தே உரிச்சுப் பாத்துட்டாங்களாம், உள்ள ஒண்ணுமில்லையாம். சோளம் பொய்ச்சுத் தோட்டம் போயிட்டா சங்கத் தலைவரு பழையபடி கதவு கதவாத் தட்ட வந்துருவாராம்."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாவம், நீங்களும் அந்த ஆளுக்குப் பயந்துதான் வாங்குனீங்களா?"