போர்டு மாமாவுக்கு மட்டும் தெரிந்த இரண்டாவது சூரியன்

ஜப்பானியர் பிடித்துச் சியோனான் என்று பெயர் மாற்றி ஆண்ட சிங்கப்பூரில், கண்ணால் கண்டதை அப்படியே நம்பிய கடைசி மனிதர் எங்கள் போர்டு மாமாதான். அதில் குற்றமில்லை, அவர் கண்டதெல்லாம் இரண்டிரண்டாக இருந்ததே சிக்கல்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். வயது அறுபத்தைந்து. எதிரே ஒரு ரிக்‌ஷா வந்தால் இரண்டுக்கு வழிவிட்டுச் சாக்கடையில் இறங்கி நிற்பார். மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் யாழ்ப்பாணத்து டிரஸர் ஐயா, அவர் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திச் சோதித்தார். "உங்கட ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பேல்லை. வயசுக்கு வாறதுதான். ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ, ஒண்டாத் தெரியும்" என்றார்.

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை தின்று காப்பாற்றிய கண்ணை மூடுவதா? "ஒங்களுக்கெல்லாம் ஒன்னு தெரியுது, எனக்கு ரெண்டு தெரியுது. யாரு பார்வை மட்டம், சொல்லு லா" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

ஒரு நாள் காலை உத்தரவு வந்தது. பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் சந்தின் முகப்பில் ஜப்பானியக் கொடி தீட்டிய பலகை நிற்க வேண்டும். தவறினால் பலகை எழுதுகிறவர் லாரியில் ஏற வேண்டும். லாரியில் ஏறியவர்கள் திரும்பி வருவது அரிது.

வெள்ளைப் பலகை, நடுவே சூரியனாக ஒரு சிவப்பு வட்டம். இதைவிட எளிய வேலை அவர் வாழ்நாளில் வந்ததில்லை. வட்டம் போட்டார், இரண்டு தெரிந்தன. கை தவறிவிட்டதென்று மண்ணெண்ணெய்த் துணியால் ஒன்றைத் துடைத்தார், இரண்டும் மறைந்தன. மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். ஒன்பதே முக்காலுக்கு நான் போனபோது, சரணடைகிறவர்கள் பிடிக்கும் கொடியின் தூய வெள்ளையில் பளபளத்தது பலகை. ஜப்பானியப் பேரரசு எங்கள் சந்திடம் சரணடைந்துவிட்டதாகவே எவரும் எண்ணுவர்.

"இந்தச் சூரியன் என்கிட்ட வெளையாடுது தம்பி. ஒன்ன அழிச்சா இன்னொன்னும் கூடவே ஓடிருது."

நான் மேடைப் பேச்சு பயின்றவன். ஒரு கண்ணை மூடுவதன் அவசியத்தை முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை என்று முறையாக நிறுவினேன். அவர் கைகட்டிக் கேட்டார், கேட்டுவிட்டு மறுத்தார். பத்து நிமிடம் போயிற்று. லாரிச் சத்தம் கேட்டது. சொற்களைக் கைவிட்டு, பின்னால் நின்று அவருடைய வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன்.

"அட" என்றார். ஒரே வீச்சில் விழுந்தது வட்டம்.

லாரி நின்றது. இறங்கிய அதிகாரியைக் குனிந்து வணங்க வேண்டுமே, கையை எடுத்துவிட்டேன். உடனே மாமாவுக்கு அதிகாரி இருவரானார். மாமா பாரபட்சம் அறியாதவர். இடப்பக்கத்தவருக்கு ஒன்று, வலப்பக்கத்தவருக்கு ஒன்று என இடுப்பு ஒடிய வணங்கினார். இப்படியொரு மரியாதையைத் தீவெங்கும் கண்டிராத அதிகாரி, ஈரம் காயாத சூரியனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை ஒரு பழைய மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டி மாமாவுக்கு மாட்டிவிட்டேன். அதுவரை நான் இருவராகத் தெரிந்ததால், அரிசி கிடைக்காத அந்நாளில் அவித்த மரவள்ளிக்கிழங்கில் எனக்கு இரண்டு துண்டு வைப்பது அவர் வழக்கம். அன்றும் இரண்டு வைத்தார்.

"இப்ப நான் ஒரு ஆளாத்தானே தெரியுறேன் மாமா?"

"ஒரு ஆளுதான்" என்றார், தம் தட்டிலிருந்த ஒற்றைத் துண்டைப் பிட்டபடி. "இவ்ளோ பேசுற பிள்ளைக்கு ஒன்னு பத்துமா?"

முன்னுரையும் முடிவுரையும் இல்லாமல், அந்த இரண்டாவது துண்டைப் பிட்டுப் பாதியை அவர் தட்டில் வைத்தேன்.