தொட்டுக் கும்பிட்ட கோல்

மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயரெடுத்த எவனையும் கால்பந்தில் பேக்காக நிறுத்தக் கூடாது. இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. மணமேல்குடிப் பக்கம் நாலைந்து ஊர் சனம் பார்க்க, மைக் செட் வர்ணனையோடு, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிப்பதுதான் பேக்கின் வேலை. எங்கள் ஊர் டீமில் அப்போது இருந்த இரண்டு பேக்குகளின் வயதையும் கூட்டினால் ஒரு சதாபிஷேகமே செய்துவிடலாம். ஒருவர் மூட்டு வலி என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். இன்னொருவர் என் தாய்மாமன் தங்கராசு. பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கும் மூட்டு வலி உண்டு, ஆனால் ஒதுங்குகிற உத்தேசம் மட்டும் இல்லை. முந்தின வருடம் அரையிறுதியில் எதிர் டீம் பையன்கள் அவரை இங்கிட்டும் அங்கிட்டும் தாண்டித் தாண்டிப் போனார்கள். மாமா நின்ற இடத்தில் நின்றபடி, "போங்கடா, திரும்பி இந்தப் பக்கந்தானே வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் மூன்று கோல் போட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள்.

கேப்டன் அந்தோணி அண்ணன் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். "இனிமே பேக்குக்கு எளரத்தந்தான்" என்றார். அந்த இளரத்தம் நான். இருபது வயது. புதுக்கோட்டையில் காலேஜ். ஹாஸ்டல் டிவியில் வெளிநாட்டு மேட்ச்சாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆட்டத்தை விட அபிப்பிராயங்கள் அதிகம். தலையைச் சுற்றி மஞ்சள் பட்டி ஒன்று மாட்டியிருப்பேன். பந்து வந்தால் "லைன்! லைன்!" என்று கத்துவேன். (அதற்கு என்ன அர்த்தம் என்று டீமில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.)

என்னிடம் ஒரே ஒரு கோளாறு. யார் மீதாவது கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுப்பதுதான். என் அம்மா கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பிராக்டிசில் எவன் காலை மிதித்தாலும் நான் குனிந்துவிடுவேன், அந்த இடைவெளியில் அவன் பந்தோடு போய்விடுவான். "டேய் செல்வம், இது கிரவுண்டுடா, கோயில் இல்ல!" என்று அந்தோணி அண்ணன் ஒரு வாரம் கத்தி, அந்தப் பழக்கத்தை ஒழித்துவிட்டதாக நம்பினார். நானும் நம்பினேன்.

மாமாவிடம் விஷயத்தைச் சொல்வது யார்? பூனைக்கு மணி கட்ட டீமே கூடி என்னைத் தேர்ந்தெடுத்தது. "ஒன் தாய்மாமன்தானே, நீ சொன்னா கேப்பாருடா" என்றார் அந்தோணி அண்ணன். நானும் பெரிய தூதுவன் மாதிரி, அறந்தாங்கியிலிருந்து வரும்போது மாமாவின் பஸ்ஸிலேயே ஏறினேன். கூட்டத்துக்கு நடுவில், அவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தேன்.

"மாமா, இந்த வருசம் டோர்னமென்ட்ல ஒங்க எடத்துல நான் ஆடுறேன். நீங்க நல்லா ரெஸ்ட் எடுத்துக்கங்க."

'ரெஸ்ட்' என்பது மரியாதையான வார்த்தை என்று நினைத்திருந்தேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். விசிலை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினார். சுற்றிலும் கருவேலங்காடு. பஸ் நின்றது.

"எறங்கு மாப்ள."

"மாமா, ஊரு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கே..."

"எளரத்தம்தானே? ஓடி வா."

இரண்டு விசில். பஸ் போய்விட்டது. டிக்கெட் என் கையிலேயே இருந்தது.

நான் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "காது குத்துறப்ப அவன் மடியில ஒக்காந்துதான்டா கத்துன. பட்டு வேட்டிய நனைச்சு விட்ட. அவன் ஒரு வார்த்தை சொன்னானா? இப்ப அவன் எடத்தையே புடுங்குறியே, நீ வெளங்குவியா?" அடுத்த மூன்று நாள் என் தட்டுக்கு மீன் குழம்பு வந்தது, மீன் வரவில்லை.

மாமா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டோர்னமென்டில் நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். எதிர் டீம், மாமாவைக் கட்டிய என் அத்தை பிறந்த ஊர். அவர்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தபோது கடைசி ஆளாக, வயிற்றைப் பிடித்த சிவப்பு ஜெர்சியில் வந்தார் என் தாய்மாமன். மாமியார் ஊருக்காகக் களம் இறங்கியிருக்கிறார்! மேடை ஓரத்தில் முதல் பரிசான ஆட்டுக்கிடாய், தனக்குப் போட்ட மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

அந்தோணி அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். "செல்வம், நல்லாக் கேட்டுக்க. ஒன்னய நம்பித்தான் மனுசன பகைச்சிருக்கோம். இன்னைக்கு நீ சொதப்புனா, நீயே அவரு கால்ல விழுந்து டீமுக்குத் திருப்பிக் கூட்டியாரணும். பேக் எடத்த மறந்துரு."

சொதப்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி ஐந்து நிமிடம் வரை நான் பிரமாதமாக ஆடினேன். வந்த பந்தையெல்லாம் அடித்து விரட்டினேன். மைக்கில் "மஞ்சள் பட்டி மாவீரன்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். அங்கிட்டு மாமா ஓடவே இல்லை. ஆனால் எங்கள் பையன்கள் எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து அவரிடம்தான் போய் நின்றது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அப்போதுதான் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அதுவரை பாதிக் கோட்டைத் தாண்டாத மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எங்கள் கோல் பக்கம் நடந்து வந்தார். "ஒங்க மாமாவ நீ புடிடா!" என்று அந்தோணி அண்ணன் கத்தினார். நான் ஒட்டி நின்றேன். மூன்று வாரமாகப் பேசாத மாமா திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா சாப்டுச்சா மாப்ள?"

"ம்... சாப்டுச்சு மாமா."

சொல்லி முடிப்பதற்குள் பந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பியது. காலை ஓங்கி வீசினேன். பந்தில் படவில்லை, மாமாவின் நெஞ்சில் பட்டது. மனுசன் மல்லாக்க விழுந்தார். பந்து அவர் இடது காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கோலுக்கு நாலு எட்டுதான் தூரம்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பந்தை எட்டி உதைக்க வேண்டும். மூளைக்கு அது தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. நான் மிதித்தது காது குத்தும்போது என்னைத் தாங்கின நெஞ்சு! "மன்னிச்சிருங்க மாமா" என்று முட்டி போட்டு, அவர் நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவை. மாமாவின் வலது கை தானாக உயர்ந்து என் தலையில் பதிந்தது.

"நல்லாரு மாப்ள" என்றார். அதைச் சொல்லும்போதே இடது காலை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டார்.

கோலி எங்கே போனான் என்று கேட்பீர்கள். பெரியவர் விழுந்துவிட்டாரே என்று அவரைத் தூக்கிவிடக் கை நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது. எங்கள் கோலியும் மரியாதை தெரிந்த பிள்ளைதான்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" என்று மைக் அலறியது. "தாய்மாமன் அவர்கள் மருமகனுக்கு ஆசியும், தன் அணிக்குக் கோலும் ஒரே நேரத்தில் வழங்கியிருக்கிறார்கள்!" அத்தை முதல் வரிசையில் எழுந்து நின்று மாமாவின் கண்டக்டர் விசிலை விடாமல் ஊதினாள்.

அந்தோணி அண்ணன் நடுவரிடம் ஓடினார். "சார், இது செல்லாது சார்! அவனக் கும்பிட வச்சுக் கோல் போட்டிருக்காரு!"

நடுவர் ஒரு பி.டி. வாத்தியார். நிதானமாகச் சொன்னார்: "நெஞ்சுல மிதிச்சது ஒங்க ஆளு. கோலு ஆகலேன்னா பெனால்டி குடுத்திருப்பேன். பேசாமப் போங்க."

அன்றைக்கு நான் அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நாலு ஊர் பார்க்கத்தான் அழுதேன். மாமாவின் இடத்தைப் பிடுங்கினேன், அதைக் காப்பாற்றவும் துப்பில்லை. மஞ்சள் பட்டியைக் கழற்றி எங்கேயோ வீசினேன். (அதைக் கிடாய் தின்றுவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அது பொய்.)

மறுநாள் மாமா தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்தார். "கெடாக்கறி. ஈரல் மாப்ளைக்கு" என்று அம்மாவிடம் நீட்டினார். அவர் நெஞ்சில் என் பூட்ஸின் அச்சு சட்டைக்கு மேலேயே தெரிவதாக எனக்குத் தோன்றியது. எனக்கு ஈரல் இறங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. வேணும்னுதானே ஆசீர்வாதம் பண்ணுனீங்க?"

"கை மனசுல இருந்து வந்துச்சு மாப்ள," என்றார். "காலு பழக்கத்துல வந்துச்சு."

அந்தோணி அண்ணன் சொன்னபடி, டீமுக்குத் திரும்பி வரச் சொல்லி மாமாவைக் கூப்பிட நானே போனேன். காலில் விழக் குனிந்தபோது அவர் பதறி இரண்டடி பின்னால் போனார். "வேணாம்டா, ஒரு தடவ விழுந்ததே போதும்." அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர் ஆடினார், நான் தண்ணீர் பாட்டில் தூக்கினேன். பிறகு ஒருநாள் பஸ்ஸில், டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்: "சீட்டுக்கு அடியில பையில ஜெர்சி இருக்கு, எடுத்துக்க. ரெண்டு அளவு பெருசா இருக்கும்." அந்த ஜெர்சியை நான் இருபது வருடம் போட்டேன். இப்போது அளவு சரியாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாரும் நிம்மதியாகப் பெரியவர்கள் காலில் விழ முடியாது. என் கல்யாணத்தில் மாமா காலில் நானும் மனைவியும் விழுந்தபோது பின்னாலிருந்து யாரோ "கோல்!" என்று கத்தினார்கள். ஆல்பத்தில் மண்டபமே சிரிக்கிறது, மணப்பெண் மட்டும் விழிக்கிறாள். அவளுக்குக் கதை தெரிய ஒரு நாள் ஆனது. அதற்கப்புறம் என்னை விட அவள்தான் நன்றாகச் சொல்கிறாள்.

போன மாதம் டீமில் பேச்சு வந்தது. பேக்குக்கு வயதாகிவிட்டது, இளரத்தம் வேண்டுமாம். அந்த இளரத்தம் என் தங்கை மகன் கவின். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. மாமா அன்றைக்கு ஏன் விசில் ஊதினார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. "மொதல்ல என்கூட பிராக்டிஸ் ஆடட்டும், அப்பறம் பாப்போம்" என்று முறுக்கிக்கொண்டேன்.

ஆடினான். ஒரு பந்துக்கு இருவரும் பாய்ந்தோம். அவன் பூட்ஸ் என் தொடையில் இறங்கியது. நான் விழுந்தேன். பந்து என் இடது காலுக்குப் பக்கத்திலேயே நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆசீர்வாதத்துக்காக வலது கையைத் தயாராக உயர்த்தினேன்.

கவின் பந்தைப் பாதிக் கோட்டுக்கு அப்பால் உதைத்துத் தள்ளினான். அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தான். அதற்கப்புறம் நிதானமாகத் திரும்பி வந்து, முட்டி போட்டு, என் தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மொதல்ல பந்து, அப்பறம் கும்புடு," என்றான். "அத்தை சொல்லியிருக்காங்க மாமா."

அவனுக்கு அத்தை, என் மனைவிதான். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையிலேயே வைத்தேன். ஜெர்சியை அன்றைக்கே துவைத்து அவனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கு ரெண்டு அளவு பெருசாக இருக்கிறது.